கதவுக்கு வெளியே நின்ற அத்தை



தவக்காலத்தின் நான்காம் ஞாயிறாகிய இன்று, காணாமற்போன மகனின் உவமையைக் கேட்டோம். அதற்குள் செல்லுமுன் ஒரு பழைய அமெரிக்கக் குடும்பப் படத்தை நினைவுகூர்வோம்.

'சிட்டிசன் கேன்' எடுத்த ஆர்சன் வெல்ஸின் அடுத்த படம் அது: 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்'. 1942இல் வெளிவந்தது. ஊரிலேயே பெரிய வீடு ஆம்பர்சன் வீடு. அந்த வீட்டின் செல்லப் பேரன் ஜார்ஜ். கணவரை இழந்த அவன் தாய் இசபெல்லை, இளமை முதல் அவர்மேல் அன்பு வைத்திருந்த யூஜின் மணக்க விரும்புகிறார். மகன் விடவில்லை. வாசலுக்கு வந்த யூஜினை விரட்டிவிட்டுத் தாயை வெளிநாட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறான். அவர் நோயோடு திரும்பிவந்து சாகக் கிடந்தபோதும், யூஜினால் ஒருமுறை முகம் பார்க்க முடியவில்லை.

அதே வீட்டில் ஜார்ஜின் அத்தை ஃபேனியும் இருக்கிறார். மணமாகாதவர். அவருக்கும் யூஜின்மேல் மனம் உண்டு. அதை யாரும் கேட்டதில்லை, பரிகாசம் செய்தார்கள். குடும்பச் சொத்து கரைகிறது. மோட்டார் விளக்குத் தொழிலில் போட்ட அத்தையின் பணமும் போகிறது. வெறுமையான வீட்டில், தரையில் உட்கார்ந்து, வெந்நீர்க் கொதிகலனில் சாய்ந்தபடி அவர் கதறுகிறார். சுட்டுவிடும் என்று ஜார்ஜ் பதறுகிறான். அது சுடாது, இணைப்பையே துண்டித்துவிட்டார்கள் என்கிறார் அத்தை. குடும்பங்களில் ஒதுக்கப்பட்டவர்களின் துயரை இவ்வளவு நேராகக் காட்டிய படங்கள் குறைவு என்பது நம் எண்ணம்.

ஜார்ஜ் திருந்துகிறான். தாயின் வெறுங்கட்டிலருகே முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்கிறான். பின்பு மோட்டார் வண்டி மோதி மருத்துவமனையில் கிடக்கிறான். இதுவரை படம் நம்மைக் கையோடு அழைத்துவருகிறது. முடிவில்தான் கைவிடுகிறது.

இயக்குநர் பிரேசிலில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தார். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களில் பலருக்குப் படம் பிடிக்கவில்லை. பயந்துபோன நிறுவனம் 40 நிமிடங்களுக்கும் மேல் வெட்டி, வேறு ஆட்களைக் கொண்டு புது முடிவு எடுத்து ஒட்டியது. அதில் ஜார்ஜும் யூஜினும் சந்திப்பதை நாம் பார்ப்பதே இல்லை. அறைக் கதவு மூடிக்கொள்கிறது. நடைக்கூடத்தில் யூஜின், ஜார்ஜ் மன்னிப்புக் கேட்டதாக அத்தையிடம் சொல்கிறார். அத்தையின் முகம் மலர்கிறது. படம் முடிந்தது! கொதிகலனருகே கதறியவர் எங்கே போனார்? வெல்ஸ் முதலில் எடுத்த முடிவில், அத்தை தங்கியிருக்கும் எளிய விடுதிக்கு யூஜின் அவரைத் தேடிப் போகிறார். அந்தக் காட்சியை இனி யாரும் பார்க்க முடியாது. வெட்டிய சுருள்களை அழித்துவிட்டார்கள்.

மன்னிப்பு வந்ததில் நமக்குக் குறையில்லை. மூல நாவலும் மன்னிப்பில்தான் முடிகிறது. பார்ப்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக, இன்னும் வலியில் இருப்பவரைச் சிரிக்க வைத்தார்களே, அதுதான் குறை.

இப்போது உவமைக்கு வருவோம். இளைய மகன் திரும்பிவிட்டான், கன்று அடித்தாகிவிட்டது, ஆடலும் பாடலும் கேட்கிறது. கதையை அங்கேயே முடித்திருந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஆண்டவர் முடிக்கவில்லை. வயலிலிருந்து வந்த மூத்தவன் வெளியே நிற்கிறான். தந்தை விருந்தை விட்டு எழுந்து அவனிடம் வெளியே வருகிறார். அவன் தன் மனக்குறையைக் கொட்டித் தீர்க்கிறான். தந்தை கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.

பங்குக் குருக்களாகிய நாங்கள் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பட நிறுவனம் செய்ததை நாங்களும் செய்திருக்கிறோம். சொத்துத் தகராறில் பல ஆண்டுகள் பேசாதிருந்த அண்ணன் தம்பி இருவரைப் பங்கு இல்லத்தில் உட்காரவைத்துப் பேசினோம். கைகொடுத்தார்கள், செபித்தோம், தேநீர் குடித்தோம், படமும் எடுத்துக்கொண்டோம். அந்த ஆண்டின் நல்ல காரியம் என்று மனதுக்குள் எழுதியும் வைத்தோம். அவர்களுடைய அக்கா கதவோரம் நின்றிருந்தார். படுக்கையில் கிடந்த தாயைக் கடைசிவரை பார்த்தவர் அவர்தான். பிரித்த பங்கில் அவர் பெயர் இல்லை. "உங்களுக்கும் சந்தோஷந்தானே அக்கா?" என்று கேட்டோம். "இருக்கட்டும் சாமி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வெகுநாள் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனோம். முதல் நாள் காப்பி கொடுத்தார், தாயின் நோயைப் பற்றிப் பேசினார், வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோது அழுதார். தம்பிகளையும் அழைத்து மறுபடி உட்காரவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். மூத்தவர் வருவதாகச் சொன்னார். இளையவர் இன்னும் பதில் சொல்லவில்லை.