இலையைத் திருப்பிப் பாருங்கள்

மாடித்தோட்டம் போட்டிருக்கும் யாரிடமாவது, மிளகாய்ச் செடியில் இலை சுருளுகிறது என்று சொல்லிப் பாருங்கள். உடனே மருந்து வந்துவிடும். புளித்த மோர், வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு பச்சை மிளகாய் அரைத்த கரைசல். எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் இலை எந்தப் பக்கம் சுருளுகிறது என்று கேட்பவர் அபூர்வம். நம் வீட்டுத்தோட்ட வைத்தியத்தில் மருந்துக்குப் பஞ்சமில்லை, பார்ப்பதற்குத்தான் பஞ்சம்.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகுபோல் ஆனால், அநேகமாக இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கொழுந்தைத் தட்டுங்கள். ஊசிமுனை அளவில் தாளின் மேல் ஓடும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டிருந்தால் சிலந்திப்பேன். அது வெறுங்கண்ணுக்குச் சிக்காது, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். முதலாவது வேப்பெண்ணெய்க்கு ஓரளவு கட்டுப்படும். இரண்டாவதற்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு. மூன்றாவதைக் குணப்படுத்தும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. மூன்றுக்கும் ஒரே கரைசலைத் தெளித்துவிட்டு, மோர் பலிக்கவில்லை என்று மோரைத் திட்டுகிறோம்.

கைவைத்தியம் எல்லாம் வெறும் நம்பிக்கை என்றும் ஒதுக்கிவிட முடியாது. பூசணி, சுரைக்காய் இலைகளில் மாவு தூவியதுபோல் வரும் சாம்பல் நோய்க்குப் பால் தெளிக்கலாம் என்பதைப் பிரேசில் ஆராய்ச்சியாளர் வாக்னர் பெத்தியோல் சோதித்து 1999இல் வெளியிட்டார். பத்தில் ஒரு பங்கு பசும்பாலும் மீதி தண்ணீருமாக வாரந்தோறும் தெளித்ததே நல்ல பலன் தந்தது. அது பசுமைக்குடிலில் வளர்த்த சுக்கினிச் செடியில் நடந்த சோதனை. நம் பூசணியும் அதே குடும்பம்தான். நோய் தலைகாட்டியதுமே தொடங்க வேண்டும். இலை முழுக்க வெளுத்த பிறகு பாலைக் காபிக்கு வைத்துக்கொள்வதே லாபம்.

இந்தத் தோட்ட வைத்தியத்தில் கடினமான இடம் வெண்டைச் செடியில் வருகிறது. நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகி, காயும் வெளிறிப்போகும் மஞ்சள் நரம்புத் தேமல். இதுவும் வெள்ளை ஈயின் வேலை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே அர்கா அனாமிகா என்ற ரகத்தைத் தந்தது. இப்போது அதிலும் பல இடங்களில் தேமல் வருகிறது. பத்துத் தொட்டியில் ஒன்று மஞ்சளானால் அதைப் பிடுங்கிவிடுவதே வழி. பூவும் பிஞ்சுமாக நிற்கிறதே என்று மனசு கேட்காது. இன்னும் நாலு காய் பறித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த நாலு காய்க்காக மற்ற ஒன்பது செடியும் நோயில் விழும்.

பிடுங்குவதற்கும் முறை உண்டு. விடியற்காலையில் ஈக்கள் சோம்பிக் கிடக்கும். அப்போது ஒரு பையைச் செடியின் மேல் மெல்லக் கவிழ்த்து, வாயைக் கட்டி, அதன் பிறகு வேரோடு இழுங்கள். முதலில் செடியை ஆட்டிவிட்டால் அத்தனையும் பக்கத்துத் தொட்டித் தக்காளிக்குப் பறந்துவிடும்.