மண்வெட்டியும் குறிப்பேடும்



பள்ளியில் காய்கறிப் பாத்தி போடப் போகிறோம் என்றதும் தோட்டப்புறப் பெற்றோர் பலர் எங்களிடம் கேட்பது இதுதான்: "விடிந்தால் நாங்கள் பிடிப்பது மண்வெட்டி. பிள்ளையும் அதையே பிடிக்கவா பள்ளிக்கு அனுப்புகிறோம், வாத்தியாரே?"

நியாயமான கேள்வி. ஆசிரியர்களாகிய எங்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்பார் சிலர். விடுமுறையில் பாத்திக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பார் வேறு சிலர். இவற்றுக்கு வழி காணலாம். ஆனால், புல் பிடுங்குவதைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு அதை விவசாயப் பாடம் என்று சொல்லக்கூடாது. சொன்னதை மட்டும் செய்தால் அது வேலை; பிள்ளை தானே கேட்டு, அளந்து, எழுதி, முடிவு கண்டால் அது கல்வி.

எடுத்துக்காட்டாக, ஒரே அளவில் இரண்டு பாத்திகள் போடுகிறோம். ஒன்றில் மக்கிய கோழி எரு இடுகிறோம். மற்றதில் எதுவும் இடுவதில்லை. இரண்டிலும் ஒரே நாளில் கங்கோங் விதைத்து, ஒரே அளவு தண்ணீர் விடுகிறோம். நாலைந்து வாரத்தில் கீரை அறுவடைக்கு வந்துவிடும். அதுவரை பிள்ளைகள் வாரந்தோறும் செடியின் உயரத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். பின்பு அறுத்து, நிறுத்து, ஒப்பிடுகிறார்கள். கணக்கும் அறிவியலும் அதில் அடங்கியிருக்கின்றன. பூச்சி விழுந்து கீரை கெட்டாலும் பாடம் கெடுவதில்லை. ஏன் கெட்டது என்று தேடுவதும் பாடம்தான்.

கூர்ந்து பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். செம்பனைத் தோட்டத்தையே பாருங்கள். முன்பு நம் நாட்டுத் தோட்டங்களில் பெண் பூக்களுக்குத் தொழிலாளர்கள் கையால் மகரந்தத் தூள் தூவி வந்தார்கள். ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டில் அதே வேலையைச் சிறு வண்டுகள் செய்வதைச் சிலர் கவனித்தார்கள். ஆராய்ச்சிக்குப் பின், 1981இல் அந்த வண்டுகள் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டன. கையால் தூள் தூவும் வேலைக்குப் பெரும்பாலும் தேவையில்லாமல் போயிற்று. பூவைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்டதன் பலன் அது.

அந்தக் கேள்வி நம் பிள்ளைகள் வாயிலும் பிறக்கட்டும். பாத்தி வேலை முடித்து வரும் பிள்ளையிடம், "எவ்வளவு கீரை கிடைத்தது?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "என்ன பார்த்தாய்? என்ன எழுதினாய்?" என்றும் கேளுங்கள். மண்ணைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் உங்கள் அனுபவத்தில் கண்டதைச் சொல்லிக் கொடுங்கள். அதுவும் அந்தக் குறிப்பேட்டில் ஏறட்டும்.