லைக் வந்தால் சீட் வந்ததாகுமா?

(ஜனவரி 26 அன்று கொடியேற்றத்துக்குப் பிறகு கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிடம் பேசுங்க சார்" என்றார் செயலாளர். நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் பொங்கலும் வடையும் ஆறிவிட்டதாக சி பிளாக்கிலிருந்து புகார் வந்தது. அன்று வராதவர்களுக்காகவும், வந்தும் வடையிலேயே கண்ணாக இருந்தவர்களுக்காகவும் அதை எழுதித் தருகிறேன். உங்கள் வீட்டில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை ஏதாவது ஒரு விளையாட்டு ஆடினால், தயவு செய்து கடைசி வரை படியுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பார்க்கிங் ஓரத்தில் நிற்கும் கூடைப்பந்துக் கம்பத்தை எடுத்துவிட வேண்டும் என்று நாலு வருடம் முன்பு சங்கத்துக்கு ஒரு மனு போனது. அதில் ஏழாவது கையெழுத்து என்னுடையது. மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் தொப் தொப் என்று பந்து தட்டினால் எரிச்சல் வராதா? நல்லவேளை, மனு தள்ளுபடியானது. அடுத்த வருடமே என் பேத்தி எங்களோடு தங்கிப் படிக்க வந்தாள். மகளும் மருமகனும் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். நான் எடுக்கச் சொன்ன அந்தக் கம்பத்தடியில்தான் அவள் ஆடப் பழகினாள். போன வருடம் மாவட்ட அணியில் இடம் கிடைத்தது.

அவள் தன் ஆட்ட வீடியோக்களை இன்ஸ்டாகிராமில் போட்டு வந்தாள். "எப்ப பாரு ரீல்ஸ்" என்று நான் திட்டுவேன். "தாத்தா, இது ரீல்ஸ் இல்ல, மேட்ச் வீடியோ" என்பாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

போன ஜூனில் அந்தப் பக்கத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரை, கோட் போட்ட ஒருவர் படம். "உன் வீடியோவைப் பார்த்தோம், முழு உதவித்தொகைக்கான முதல் பட்டியலில் இருக்கிறாய், பதிவுக் கட்டணம் 12,500 ரூபாய், ஆதார் நகலும் அனுப்பு." மருமகன் என்னிடம் கேட்டார், "மாமா, கட்டலாமா?" 38 வருடம் கவுன்டரில் உட்கார்ந்து கையெழுத்தையும் செக் தேதியையும் சரிபார்த்தவன் நான். கட்டுங்கள் என்று சொன்னேன். முத்திரை அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. பேத்தியைப் பற்றி யாரோ கடல் தாண்டி நல்ல வார்த்தை சொன்னதில் எனக்கும் கொஞ்சம் தலை கிறுகிறுத்தது என்பதை மறைப்பானேன்.

இரண்டாம் தவணையாக 40,000 கேட்டபோதுதான் யுபிஐ திரையில் வந்த பெயரைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரில்லை, ஒரு தனி ஆளின் பெயர். நிறுவனம் எதுவும் தனியார் சேமிப்புக் கணக்கில் கட்டணம் வாங்காது. இதைக் கவுன்டரில் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். ஆனால் பணம் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. போனது போனதுதான். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை உங்கள் போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

அதோடு நின்றிருந்தால் 12,500 நஷ்டம் என்று எழுதி மூடியிருக்கலாம். கோபத்தில் நான் செய்தது அதைவிடப் பெரிய நஷ்டம். எல்லாம் இந்தப் போனால் வந்த வினை என்று அவளை உட்காரவைத்து அந்தக் கணக்கையே அழிக்கச் சொன்னேன். அழுதுகொண்டே அழித்தாள். இரண்டு வருட ஆட்டம் அதில் இருந்தது, வேறெங்கும் நகல் இல்லை. செப்டம்பரில் சென்னையில் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அவளுடைய கோச்சிடம் விசாரித்தார்: "அந்த லெப்ட் ஹேண்ட் பொண்ணு வீடியோ பாத்தேனே, இப்ப காணோமே, இருந்தா அனுப்புங்க." அனுப்ப ஒன்றுமில்லை. இந்தத் தடவை ஆளும் நிஜம், கல்லூரியும் நிஜம். கோச் வந்து சொன்னபோது பேத்தி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை நான் லெட்ஜர் பார்ப்பது போல ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். கோச்கள், பி.டி. சார்கள், சென்னையில் ஆடிவிட்டு வேலைக்குப் போன பழைய வீரர்கள் என்று பலரிடம் கேட்டேன்.

நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தை எல்லோருக்கும் தெரியும். 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வாங்கியவர். அந்த விளையாட்டில் எத்தனை கிலோ தூக்கினான் என்று ஒரு எண்ணைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கூடைப்பந்தில் அப்படி முடியாது. 20 பாயின்ட் போட்டவள் டிபென்ஸில் சும்மா நின்றிருப்பாள், 4 பாயின்ட் போட்டவள்தான் ஆட்டத்தை நடத்தியிருப்பாள். கண்ணால் பார்த்தாக வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கண் டோர்னமென்டுக்கு நேரில் வந்தது. 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய சென்னை அனிதா பால்துரை, தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர், இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர். அவர் பெயரெடுத்த காலத்தில் இன்ஸ்டாகிராமே பிறக்கவில்லை. இன்று சென்னையிலிருக்கும் ஒருவர் ஆம்பூருக்கோ பேரணாம்பட்டுக்கோ வராமலே ஒரு பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். பெரிய ஊர் அகாடமிக்குப் போக வசதியில்லாத நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது எனக்கு ஒரு கணக்கை அழித்த பிறகுதான் புரிந்தது.

ஆனால் அது எதுவரை போகும்? இதை மருமகன்தான் எனக்கு விளங்கவைத்தார். "மாமா, ஜெர்மனிக்காரன் போட்டோவைப் பாத்தா ஆர்டர் குடுக்கறான்? போட்டோ பாத்து சாம்பிள் கேப்பான். சாம்பிள் ஜோடி போகும். அதைக் கிழிச்சுப் பாப்பான், வளைச்சுப் பாப்பான். அப்புறம் ஆர்டர். ஷிப்மென்டுக்கு முன்னாடி இன்ஸ்பெக்ஷன் வேற." வீடியோ அந்தப் போட்டோ மாதிரி. மே மாதம் மைதானத்தில் நடக்கிற டிரயல்ஸ்தான் சாம்பிள். இன்ஸ்பெக்ஷனில் பார்ப்பது சான்றிதழ்களை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அங்கே எந்தப் போட்டியில், எந்த அணிக்கு ஆடி, எந்த இடம் பெற்றாய் என்பதற்கான காகிதத்தைச் சரிபார்ப்பார்கள். எத்தனை லைக் என்று கேட்கிற கட்டம் அந்த விண்ணப்பத்தில் கிடையாது.

(தோல் என்றதும் ஒரு செய்தி. அமெரிக்காவின் என்பிஏ 2006-இல் தோல் பந்தை விட்டுச் செயற்கைப் பந்துக்கு மாறியது. ஆட்டக்காரர்கள் விரல் வெட்டுகிறது, வழுக்குகிறது என்று சண்டை போட்டதால் 2007 ஜனவரி 1 முதல் மறுபடி தோல் பந்துதான். நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் ஒரு டீ அதிகமாகக் குடிப்பார்கள்.)

இப்போது வீடியோ. பேத்திக்கு மறுபடி புதுக் கணக்கு தொடங்கினோம், இந்தத் தடவை அவள் அம்மாவின் மெயிலும் நம்பரும் கொடுத்து. பி பிளாக் தம்பி ஒருவன் ஒரே சாயங்காலத்தில் நம் கம்பத்தடியில் படம் எடுத்துக் கொடுத்தான். பழைய மேட்ச்கள் எதிரணிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் கிடைத்தன. நம் பிள்ளையைத் தோற்கடித்தவர்கள்தான் பத்திரமாக வைத்திருந்தார்கள்! பி.டி. சார்கள் எனக்குச் சொன்னது இது. முதலில் பெயர், பிறந்த வருடம், உயரம், ஆடும் இடம், ஜெர்சி நம்பர், மாவட்டம் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். போனைப் படுக்கவைத்து எடுக்க வேண்டும். சினிமாப் பாட்டு வேண்டாம். எல்லாமே கூடையில் விழுகிற பந்தாகக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். வெட்டாமல் ஒரு முழு குவார்ட்டர் போடுங்கள், தவறவிட்டதும் இருக்கட்டும். பந்து கையில் இல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறாள் என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்க்கிறார்களாம். தொடர்புக்குக் கோச் நம்பரோ பெற்றோர் நம்பரோ போதும். வீட்டு முகவரியும் தினமும் பிராக்டிஸ் போகிற நேரமும் இடமும் பொதுவில் இருக்கக் கூடாது. நகல் ஒன்று பென்டிரைவில். இதை நான் சொல்லக் காரணம் உங்களுக்குத் தெரியும்.

அதே பக்கத்தில் ரெபரியைத் திட்டி, எதிரணியைக் கேலி செய்து எழுதியதும் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். நாலு வருடம் ஹாஸ்டலில் வைத்துச் சோறு போடப் போகிறவர்கள், குணம் பார்க்கமாட்டார்களா?

எந்தக் கல்லூரி என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பல்கலைக்கழக அணியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரியில் சேர்ந்தால் அந்த அணிக்கான தேர்வுக்குப் போகலாம். சென்னையின் பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் அங்கே ஏற்கெனவே தேசிய அணி ஆட்டக்காரர்கள் இருப்பார்கள், மூன்று வருடமும் பெஞ்சில் உட்கார நேரலாம். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்குத் தனிப் படிவமே உண்டு. பெஞ்சைப் பற்றி யாரும் இன்ஸ்டாகிராமில் போஸ்டர் போடுவதில்லை. ஆகவே கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: "என் பிள்ளை இடத்தில் இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்கள்?" கேட்பதில் வெட்கம் வேண்டாம். இந்தியன் ஓவர்சீஸ் பாங்க், இந்தியன் பாங்க் அணிகளுக்கு ஆடி வேலை பெற்றவர்களை என் காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆடினவர்களைத்தான் எடுத்தார்கள்.

2019-இல் நம் மாவட்டம் மூன்றானபோது நான் முணுமுணுத்தவன். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்கு. ஆனால் முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகள் மாவட்ட வாரியாக நடப்பதால், ஒரு அணி போன இடத்திலிருந்து இப்போது மூன்று அணிகள் போகின்றன. சான்றிதழுக்கு இது நல்ல வாய்ப்பு.

அமெரிக்கக் கனவு உள்ளவர்களுக்கும் கொஞ்சம். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, கோச்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதையே 2007-இல் தடை செய்தது, பிள்ளைகளை இரவு பகலாக நச்சரித்ததால். பிறகு தளர்த்தியது. 2016 ஆகஸ்ட் முதல் கோச் ஒருவர் ஒரு பிள்ளையின் பதிவுக்கு லைக் போடலாம், பகிரலாம், ஆனால் பொதுவில் ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்று விதி வந்தது. லைக் போட எவ்வளவு செலவாகும்? ஆயிரம் பேருக்குப் போடலாம். அங்கத்திய பிள்ளைகளே அதை எண்ணி ஏமாந்திருக்கிறார்கள். அங்கே மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தரவே முடியாது, விதி அப்படி. அப்படிப்பட்ட கல்லூரியின் பெயரில் யாராவது "ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்" என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போனார், பஞ்சாபின் ஹர்சிம்ரன் கௌர் சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்கு. இருவரும் இந்திய வயதுப்பிரிவு அணிகளில் ஆடியவர்கள். அந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராக மெசேஜில் வருகிற அமெரிக்காவை நம்பாதீர்கள். என்னைப் போல.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. கோச் என்று சொல்லிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறவர், உயரம் பார்க்க வேண்டும் என்று போட்டோ கேட்கிறவர், "அப்பாவிடம் சொல்லாதே" என்கிறவர் யாராக இருந்தாலும் அந்தத் தொடர்பு வேண்டாம். பிள்ளை வந்து சொன்னால் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் அப்படித்தான் நடந்தது.

அந்தச் சென்னை பி.டி. சாருக்கு டிசம்பரில் புது வீடியோ போனது. "இடது கை நன்றாக இருக்கிறது, ப்ரீ த்ரோ மோசம், மே மாதம் டிரயல்ஸுக்கு வரச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. சீட் என்று அவர் சொல்லவில்லை. பேத்தி தினமும் சாயங்காலம் நம் கம்பத்தடியில் நூறு ப்ரீ த்ரோ போடுகிறாள். சத்தம் கேட்கும், ஏ பிளாக்காரர்கள் மே வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கம்பத்தின் வலை கிழிந்துவிட்டது. புது வலைக்கான பணத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், ரசீதும் வாங்கிவிட்டேன். பிப்ரவரி மாதச் சனிக்கிழமைகளில் சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை கிளப் ஹவுஸில் இருப்பேன். பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்து வாருங்கள். தேதி வாரியாக அடுக்கி, நகல் எடுத்து, எந்தச் சான்றிதழில் பெயர் எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்துத் தருகிறேன். அந்த வேலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.