நோயாளியின் கட்டியும் எலியின் உடலும்

மனிதப் புற்றுக்கட்டி ஒன்றை உயிருள்ள சுண்டெலியின் உடலில் ஒட்டி வளர்க்க முடியும் என்பதை 1969இல் கோபன்ஹேகனில் ரைகார்டும் போவ்ல்சனும் காட்டினர். பெருங்குடல் புற்றுத் திசுவை அவர்கள் வைத்தது தைமஸ் சுரப்பி இல்லாமல் பிறக்கும் மயிரற்ற எலியில். தைமஸ் இல்லையென்றால் டி செல்கள் முதிர்வதில்லை. அந்நியத் திசுவை விரட்டவும் ஆளில்லை. 1983இல் பிலடெல்பியாவில் மெல்வின் போஸ்மா குழு கண்டறிந்த ஸ்கிட் எலிக்கு டி செல்களோடு பி செல்களும் இல்லை. எஞ்சியிருந்த இயற்கைக் கொல்லி செல்களையும் இழந்த எலி வகைகள் 2000க்குப் பின் ஜப்பானிலும் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்திலும் உருவாயின. இன்றைய ஒட்டுக்கட்டி ஆய்வில் பெரும்பகுதி இவற்றை நம்பியே நடக்கிறது.

இத்தனை பாடு எதற்கு என்றால், பல பத்தாண்டுகள் பிளாஸ்டிக் தட்டில் பெருகிய செல்வரிசைகள் தாம் வந்த கட்டியின் கலப்புத்தன்மையையும் கட்டமைப்பையும் இழந்துவிடுகின்றன. தட்டில் வென்ற மருந்துகள் பல, நோயாளியிடம் தோற்றன. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனமே, தன் புகழ்பெற்ற 60 செல்வரிசைகளை விட்டு நோயாளித் திசு மாதிரிகளின் பக்கம் நகரப்போவதாக 2016இல் அறிவித்தது.

செய்முறை எளிது, கவனம்தான் அரிது. அறுவைக்கூடத்திலிருந்து குளிர்ந்த ஊடகத்தில் வரும் திசுவைச் சில மில்லிமீட்டர் துண்டுகளாக்கி, எலியின் விலாத் தோலுக்கடியிலோ கட்டி தோன்றிய உறுப்பிலேயோ வைக்கிறார்கள். வளர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். வளர்ந்ததை எடுத்து அடுத்த தலைமுறை எலிகளுக்கு மாற்றி, ஒரு பகுதியை உறையவைத்துச் சேமிப்பது வழக்கம். ஒவ்வொரு மாற்றத்திலும் கட்டி அந்த நோயாளியுடையதுதானா என்று டி.என்.ஏ. அடையாளம் பார்ப்பது கட்டாயம். திசுவோடு வந்த நோயாளியின் பி செல்கள் எப்ஸ்டீன்-பார் வைரஸால் பெருகி, குடல் புற்றின் இடத்தில் நிணநீர்ப் புற்று வளர்ந்து நிற்பதும் உண்டு.

இம்முறையின் வலிமைக்குச் சிறந்த சான்று இத்தாலியில், டூரினை அடுத்த கண்டியோலோவில் இருக்கிறது. கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுகளிலிருந்து 85 எலி மாதிரிகளை அங்கு பெர்டோட்டியும் ட்ருசோலினோவும் உருவாக்கினர். ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியைத் தடுக்கும் செடுக்சிமாப் மருந்துக்கு மசியாத கட்டிகளில், அதற்குக் காரணமாக ஏற்கனவே அறியப்பட்ட மரபணு மாற்றங்களைக் கொண்டவற்றை ஒதுக்கியபின், ஹெர்-2 மரபணு பெருகிய ஒரு சிறு கூட்டம் தெரிந்தது. ஹெர்-2, ஈ.ஜி.எஃப்.ஆர். இரண்டையும் சேர்த்துத் தடுத்தபோது அவை சுருங்கி நெடுநாள் சுருங்கியே இருந்தன. முடிவு 2011இல் வெளியாயிற்று. அதைத் தொடர்ந்த ஹெராக்ளிஸ் என்ற மருத்துவ ஆய்வில் 914 நோயாளிகளைச் சலித்ததில் 48 பேருக்கு ஹெர்-2 மிகுதி இருந்தது. ஹெர்-2ஐத் தடுக்கும் ட்ராஸ்டுசுமாப், லாபட்டினிப் இரண்டும் பெற்ற 27 பேரில் 8 பேரின் கட்டி சுருங்கியது. நூற்றுக்கு ஐந்து பேரிடம் மட்டும் இருக்கும் இலக்கை ஒன்றிரண்டு செல்வரிசைகளில் தேடிக் கண்டிருக்க முடியாது. கட்டிகளின் எண்ணிக்கையே இங்கு கருவி. 2015இல் நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,000 மாதிரிகளை வைத்து, ஒரு கட்டிக்கு ஒரு மருந்துக்கு ஓர் எலி என்று சோதித்ததும் இதே தர்க்கத்தில்தான். தனி நோயாளிக்கு அவருடைய எலியிலேயே மருந்து தேர்ந்தெடுக்கும் கனவு வேறு வகை: எலி பதில் சொல்வதற்குள் நோய் முந்திவிடுகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. சில தலைமுறைகளில் மனிதத் தாங்குதிசு மறைந்து எலியின் தாங்குதிசு அவ்விடத்தைப் பிடிக்கிறது. கட்டியின் மரபணு எலியில் திசைமாறுகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு எச்சரித்தது; பெரும்பாலும் மாறுவதில்லை என்று 2021இல் இன்னொன்று மறுத்தது. இந்தச் சர்ச்சையைவிடக் கவலைக்குரியது சேகரங்களின் சாய்வு. வேகமான கட்டிகள் எளிதில் ஒட்டுகின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்று அரிதாகவே பிடிக்கிறது. ஆகவே மருத்துவமனையில் அதிகம் காணப்படும் நோய், சேகரத்தில் குறைவாக இருக்கிறது.

எதிர்ப்பாற்றல் சிகிச்சைக்கு இந்த எலிகள் உள்ளபடியே உதவா. தடுக்கவோ தூண்டவோ அவற்றிடம் எதிர்ப்பாற்றல் இல்லை. தொப்புள்கொடி இரத்தத்தின் குருத்தணுக்களைச் செலுத்தி மனித எதிர்ப்பாற்றலை எலியில் எழுப்பலாம். ஆனால் அது வேறொருவருடைய எதிர்ப்பாற்றல். கட்டியை அந்நியமாகவே பார்க்கக்கூடும். முதிர்ந்த மனித வெள்ளணுக்களைச் செலுத்தினாலோ அவை எலியையே தாக்கத் தொடங்கும், சோதனைக்குக் கிடைப்பது சில வாரங்களே.