தண்ணீர் கேளாத செடி



இலக்கியத் தொடரிலே பூச்சாடிச் செடி ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இந்தத் தமிழ் வாத்தியார் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பாலைத்திணையைப் படிப்பிப்பவனுக்குப் பாலையிலே பிறந்த ஒரு செடியைப் பற்றிப் பேசவும் சிறிது உரிமை உண்டு என்ற துணிவிலே வந்திருக்கிறேன். நமது சங்கப் பாடல்களின் பாலையிலே கள்ளி வளர்கிறது. நான் சொல்லப்போகும் செடியின் பாலையோ தென்னாபிரிக்காவிலும் நமீபியாவிலும் உள்ள சரளை நிலம். லித்தொப்ஸ் என்பது அதன் பெயர். கிரேக்கத்திலே 'லித்தொஸ்' என்றால் கல், 'ஒப்ஸ்' என்றால் முகம். கல்முகச் செடி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1811ஆம் ஆண்டு வில்லியம் பேர்ச்செல் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர், தென்னாபிரிக்காவின் பிறீஸ்கா என்ற இடத்துக்கு அருகே, விசித்திர வடிவான கூழாங்கல் என்று எண்ணி ஒன்றை நிலத்திலிருந்து எடுத்தார். கையில் எடுத்தபின்புதான் அது செடியென்று தெரிந்தது. 1822இல் வெளிவந்த தமது பயண நூலில் அதனைப் பதிவு செய்தார். அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1922இல், என்.ஈ. பிறவுண் என்ற தாவரவியலாளர் இச்செடிகளின் பேரினத்துக்கு லித்தொப்ஸ் என்று பெயரிட்டார்.

தடித்த இரண்டே இரண்டு இலைகள், நடுவிலே ஒரு பிளவு. வெளியே தெரிவது இவ்வளவுதான். அதன் ஊரிலே உடலின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளே புதைந்திருக்கும். மேற்பரப்பு ஒளியை உள்ளே விடும் யன்னல். பச்சையம் கீழே உட்சுவர்களிலே இருக்கிறது. நிலவறைக்குள்ளே குடியிருப்பவன் கூரையிலே கண்ணாடி பதித்துக்கொண்டது போல. இலைத் துவாரங்களையும் இரவின் குளிர்ச்சியிலேதான் திறக்கிறது. பகலிலே திறந்தால் சேர்த்து வைத்த நீர் பறந்துவிடும். அதன் காய் இன்னொரு விந்தை: மழை பட்டால்தான் வாய் திறந்து விதையை வெளியே விடும்.

சில ஆண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போனபோது இதில் இரண்டு கன்றுகள் வாங்கி வந்தேன். "கனக்கத் தண்ணி விடாதேங்கோ, சேர்" என்றார் விற்றவர். கேட்டேனா? காலையிலே ஒரு குவளை, மாலையிலே ஒரு குவளை. பத்தாம் நாள் ஒன்று தொட்டவுடன் கூழாகிவிட்டது.

மற்றதையாவது காப்பாற்ற வேண்டுமென்று தேடி வாசித்தேன். மண்ணைக் குறைத்துப் பருமணலும் பொடிச் சரளையும் கூடுதலாகக் கலக்கவேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். இலையின் பக்கங்கள் சுருங்கும்போது ஒருமுறை நன்றாக நனைத்து, பின்பு முற்றாகக் காயவிட வேண்டும். எங்கள் மாரியின் ஈரக்காற்றுத்தான் அதற்குப் பெரிய எமன். மழை தீண்டாத இடத்திலே வைக்கவேண்டும். எல்லாவற்றிலும் கடினமான விதி ஒன்றுண்டு. பிளவுக்குள்ளிருந்து புதிய இலைச்சோடி எழும் காலத்தில் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. பழைய இலைகள் தம்மிலுள்ள நீரையெல்லாம் புதியவற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கடதாசி போலச் சருகாகும். நாம் இரக்கப்பட்டு ஊற்றினால் பழையவை வற்ற மறுக்கும், அழுகலும் வந்து சேரும். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு சிரமம் என்று நான் அப்போதுதான் அறிந்தேன்.

ஆனால் வீட்டில் நான் மட்டுமா இருக்கிறேன்? அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. ஞாபகம் கரைந்துகொண்டு போகிறது. என் பெயரிலே தம்பியாரை அழைப்பார். சாப்பிட்டதை மறந்து பசிக்குது என்பார். விடியப்புறம் வாளியோடு கன்றுகளிடம் போவதை மட்டும் மறக்கவில்லை. ஊற்றிய கன்றுக்கே மறுபடியும் ஊற்றுவார். செம்பரத்தையும் நந்தியாவட்டையும் அதைத் தாங்கிக்கொள்ளும். இது தாங்குமா? ஒருநாள் சாடி சேறாக இருக்கக் கண்டு, "இதுக்கு விடாதேங்கோ அம்மா" என்று சற்று உரத்துச் சொல்லிவிட்டேன். "கன்றுக்குத் தண்ணி விடக்கூடாதெண்டு ஆரடா சொன்னது?" என்றவர், அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் எந்தக் கன்றுக்கும் தண்ணீர் ஊற்றவுமில்லை.

செடியைப் பிடுங்கி வேரை உலர்த்தி, புதிய மணலில் நட்டு, அவருக்கு எட்டாத மேல்மாடத்து யன்னலிலே வைத்தேன். பழைய சாடியைச் சரளையால் நிரப்பி, நடுவே பிளவுள்ள ஒரு கூழாங்கல்லைப் பதித்து, முன்பிருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பேர்ச்செல் கல்லென்று எடுத்தது செடியாயிற்று. எங்கள் வீட்டிலே காரியம் தலைகீழ். அம்மா மீண்டும் வாளியைத் தூக்கினார்.

மேல்மாடத்திலே இரண்டாவது இலைமாற்றம் இப்போது நடக்கிறது. பூவை இன்னும் காணவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் பொறுக்கவேண்டும். நேற்றுக் காலை அம்மா என்னைக் கூப்பிட்டு அந்தக் கல்லைக் காட்டினார்.

"கொஞ்சம் வளந்த மாதிரிக் கிடக்கு, என்ன தம்பி?"

"ஓம் அம்மா" என்றேன்.