முகவரி வேறு, மனிதன் வேறு
(வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவன் எதற்காக அஞ்ச வேண்டும்?" இணையத்தில் கோப்புப் பகிர்வைப் பற்றி நாம் பேச எழுந்தால் முதலில் வருவது இக்கேள்வியே. விடையாக இலண்டனில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றோம்.

ஆங்கே ஒரு சட்ட நிறுவனம், படங்களைக் களவாகப் பகிர்ந்தீர்கள் என்று குற்றஞ்சாட்டி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கடிதம் விடுத்தது. வழக்கைத் தவிர்க்க வேண்டுமாயின் சில நூறு பவுண் செலுத்துக என்பது அதன் சாரம். பெயர்களை எவ்வாறு பெற்றது? பகிர்வில் தென்பட்ட ஐ.பி. முகவரிகளைத் திரட்டி, அவை யாருடைய இணைப்புகள் என்பதை வெளியிடுமாறு இணைய நிறுவனங்களுக்கு நீதிமன்றக் கட்டளை பெற்றது. 2010 செப்டெம்பரில் அந்நிறுவனத்தின் இணையத்தளம் தாக்குண்டது. அதன் மின்னஞ்சல்கள் வெளியே கொட்டுண்டன. எவர் எந்த ஆபாசப் படத்தைப் பகிர்ந்தார் என்று சாட்டிய பட்டியல், பெயரும் விலாசமுமாக, கண்டவர் படிக்கக் கிடைத்தது. அவை வெறுங் குற்றச்சாட்டுகள். விசாரித்து நிரூபிக்கப்பட்டவை அல்ல. 2011 இல் தகவல் ஆணையாளர் அந்நிறுவன உரிமையாளருக்கு விதித்த அபராதம் 1,000 பவுண்! தொழில் மூடப்படாதிருப்பின் 200,000 ஆகியிருக்குமாம். கடையை மூடியவருக்குக் கழிவு கிடைத்தது. மானம் போனவருக்கு என்ன கிடைத்தது?

அதே ஆண்டு பெப்ரவரியில், இக்கடிதங்களின் வழிவந்த வழக்கொன்றில் நீதிபதி பேர்ஸ் ஓர் ஐயத்தை எழுப்பினார். ஐ.பி. முகவரி இணைப்புக்குப் பணங் கட்டுபவரைக் காட்டலாம்; பகிர்ந்தவர் அவரேதான் என்று காட்டுமோ? வீட்டில் பிள்ளைகள் உளர், விருந்தினர் உளர், பூட்டாத வைபையைத் தொடும் அயலவரும் உளர்.

முகவரி வெளித்தெரிவது ஏன்? பிட்டொரென்ற் முறையில் நடுவிலே களஞ்சியம் இல்லை. கோப்பைத் துண்டுதுண்டாக எடுப்பவனே, எடுத்த துண்டுகளைப் பிறர்க்குக் கொடுக்கவும் செய்கின்றான். கொடுக்கல் வாங்கலுக்கு முகவரி வேண்டும். ஆகவே கூட்டத்திற் சேர்ந்தவர் ஒருவர் முகவரியை ஒருவர் காண்பர். வேவுகாரனும் ஓர் உறுப்பினனாய்ச் சேர்ந்தால் போதும். மறைகுறியாக்கத்தை இயக்கிவிட்டோம் என்று மகிழ்வோர் மயங்குகின்றனர். அது இடையில் நிற்கும் இணைய நிறுவனத்தைக் குழப்பலாம். எதிர்முனையில் இருப்பவனிடமிருந்து எதனையும் மறைக்காது.

வி.பி.என். சேவை தன் முகவரியை முன்னே காட்டும். ஆயினும் நமது மெய்யான முகவரி அச்சேவைக்காரனுக்குத் தெரியும். இணையத்தை விற்பவனிடம் வைத்த நம்பிக்கையை இவனிடம் மாற்றினோம், அவ்வளவே. இலவசமாகத் தருபவன் எதனால் பிழைக்கின்றான் என்று கேட்டறிக. அவ்விணைப்பு அறுந்தால் பகிர்வும் உடனே நிற்கும்படி ஏற்பாடு செய்க. ரோர் வலையமைப்போ இதற்கு ஏற்றதன்று. பிட்டொரென்ற் மென்பொருள் மெய் முகவரியைத் தானே எழுதி அனுப்பிவிடக்கூடும் என்று அதனை நடத்துவோரே 2010 இல் எச்சரித்தனர்.

அதே ஆண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, ஏறத்தாழ 100 நிறுவனங்களுக்கு, உங்கள் வாடிக்கையாளர், ஊழியர் விபரங்கள் பகிர்வு வலைகளிற் கிடக்கின்றன என்று அறிவித்தது. பாட்டுக்கென்று திறந்த பெட்டியில் குடும்பப் பத்திரங்களையும் வைத்தால் இவ்வாறே ஆகும். பகிர்வுக்கு வெறுமையான தனி உறையொன்றை ஒதுக்குக. துண்டுகளைச் சரிபார்க்கும் கணக்கையும் மிகையாக நம்பற்க. பொட்டலம் சிதையாமல் வந்தது என்பதற்கே அது சாட்சி. உள்ளே நஞ்சில்லை என்பதற்கன்று. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்னும் பகிர்வு மென்பொருளின் சொந்தத் தளத்திலேயே, கப்பம் கேட்கும் நச்சுநிரல் கலந்த பிரதி வைக்கப்பட்டிருந்தது.

களவுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. எழுதியவன் உழைப்பை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எமது நாட்டிற் காக்கின்றது, காக்கவும் வேண்டும். லினக்ஸ் வெளியீடுகளும், இன்ரநெற் ஆர்க்கைவ் நூலகத்தின் சேமிப்புகளும் இதே முறையில் நேர்மையாக வழங்கப்படுகின்றன. முறை குற்றமன்று. ஒருவனுடைய இணையத்தை அதிகாரசபை தன்னிச்சையாகத் துண்டிக்கலாகாது, நீதிபதி தீர்க்க வேண்டும் என்று பிரான்சின் அரசியலமைப்பு மன்று 2009 யூன் 10 ஆந் திகதி தீர்த்தது. எமது நிலையும் அதுவே.

அத்தகைய கடிதம் நாளை உங்களுள் ஒருவருக்கு வருமாயின், வெட்கத்தாற் பணத்தை அனுப்பிவிடாதீர், அடுப்பிலும் போடாதீர். கணினியில் எதனையும் அழிக்காதீர். அந்நேரம் இணைப்பைப் பயன்படுத்தியோர் யாவரெனக் குறித்து வையுங்கள். கடிதத்துடன் ஒரு சட்டத்தரணியிடம் சென்று, எந்தப் படைப்பு, உரிமை யாருடையது, எந்நாள், எத்தனை மணி என்று அவர் வாயிலாக எழுத்திற் கேளுங்கள்.