பிடி அரிசியும் பிள்ளைகளின் படிப்பும்

(பங்கின் பொன்விழாவையொட்டி, ஏழை மாணவர் கல்வி உதவி நிதியைத் தொடங்கி வைத்துப் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நம் முன்னோர் மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கென ஒதுக்கி இந்த ஆலயத்தை எழுப்பினார்கள். அதற்காக இறைவனுக்கு நன்றி கூறும் இந்நாளில், நம் கடமை ஒன்றையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். நம் ஊரிலிருந்து அரசுப் பள்ளிக்குச் செல்லும் ஏழைப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது அது.

"அரசாங்கமே எல்லாம் கொடுக்கிறதே, கோயில் எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இலும், மாணவருக்கு 2024-இலும் தொடங்கின. இவற்றிற்கெல்லாம் நாம் நன்றியுள்ளவர்களாய் இருக்க வேண்டும்.

அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள்? காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் இல்லை. நிவாரணத் தொகை அடுப்புக்கே போதாது. அந்த நாட்களில்தான் பிளஸ் டூ முடிவு வருகிறது. கல்லூரிச் சேர்க்கையும் நடக்கிறது. உதவித்தொகை சேர்ந்த பிறகுதான் வரும். சேர்க்கைக் கட்டணமும் விடுதி முன்பணமும் இன்றே கட்ட வேண்டும். தகப்பன் எங்கே போவான்? படகு முதலாளியிடம் முன்பணம் வாங்குவான். அந்தக் கடனைக் கழிக்க மகன் படகில் ஏறுவான். மகள் இறால் கம்பெனிக்குப் போவாள். ஒரு முறை கூலி வாங்கிப் பழகிய பிள்ளை மீண்டும் வகுப்புக்குத் திரும்புவது அரிது. ஆக, குறைவது பெருந்தொகையன்று. உரிய நேரத்தில் கிடைக்கும் சிறுதொகை. அந்த நேரத்தை அறிந்தவர்கள் அடுத்த வீட்டுக்காரர்களாகிய நாம்தான்.

இது புதிய வழியன்று. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து ஒரு பள்ளியை நடத்தினார்கள். 1889-இல் தொடங்கிய அந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் சிறுவன் காமராசர் படித்தார். ஆனால் ஆறு வயதில் தகப்பனை இழந்த அவர், சில ஆண்டுகளில் படிப்பை நிறுத்திக் கடைக்குப் போக நேர்ந்தது. பள்ளி இலவசமாயிருந்தும் வீட்டு வறுமை அவரை வெளியே இழுத்தது. பின்னாளில் முதலமைச்சரானபோது அவர் பள்ளிக்குள் சோற்றுப் பானையைக் கொண்டுவந்ததற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

பாரிசில் 1833-இல் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர், தோழர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். ஏழையின் வீட்டுக்கே சென்று நிலைமையை அறிந்து உதவுவது அச்சபையின் முறை. நம் பங்கின் வின்சென்டியச் சகோதரர்கள் இந்நிதியையும் அவ்வாறே நடத்துவார்கள்.

நிதிக்குச் சில ஒழுங்குகள் உண்டு. முதலாவது, பணம் மே மாதத்திலேயே கையில் சேர வேண்டும். தாமதித்த தர்மம் முன்பணக் கடனைத் தடுக்காது. இரண்டாவது, மதமோ சாதியோ கேட்கப்படாது. நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் அதைக் கேட்கவில்லை. மூன்றாவது, பெறும் பிள்ளையின் பெயர் கோயிலில் வாசிக்கப்படாது. கணக்கு மட்டும் ஆண்டுக்கு இருமுறை வாசிக்கப்படும். நான்காவது, பணம் மட்டும் போதாது. விண்ணப்பம் எழுதவும், சான்றிதழ் வாங்கவும், கலந்தாய்வுக்குத் துணையாகச் செல்லவும் படித்த இளைஞர்கள் முன்வர வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? ஒரு வீடு நாளொன்றுக்கு 2 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டில் 730 ரூபாய். இருநூறு வீடுகள் ஒதுக்கினால் 1,46,000 ரூபாய். இதுவே இக்காலத்துப் பிடி அரிசி. இன்னொன்றும் கேட்கிறோம். இவ்வாண்டுத் திருவிழாவில் வாணவேடிக்கைச் செலவில் பாதியை இந்நிதிக்குத் தாருங்கள். வானத்தில் எரியும் வெளிச்சம் ஒரு நொடி. ஒரு பிள்ளை படித்து முடித்தால் அந்த வீட்டில் தலைமுறைக்கும் வெளிச்சம். உதவி பெற்றுப் படித்தவர்கள் வேலைக்குச் சென்றபின், கடனாக அல்ல, நன்றியாக, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கட்டும்.

ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்தபோது, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஒரு சிறுவனிடமிருந்தே வந்தன. நம் சிறுவர்களின் கையிலும் இறைவன் எதை வைத்திருக்கிறாரோ, நாம் அறியோம். அது படகின் அணியத்தில் வீணாகாமல் காப்பது நம் பொறுப்பு. எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.